பெல்ட்டைக் கவனிங்க, மில் நிற்காது!



குழுக் கடனில் மாவு மில் நடத்துகிறவர்கள் மோட்டாரைத் துடைக்கிறோம், சல்லடையை மாற்றுகிறோம். மோட்டாரின் சுழற்சியை மிஷினுக்குக் கொண்டுபோகும் வி-பெல்ட்டை மறந்துவிடுகிறோம். அது அறுந்தால் அன்றைய அரவை நிற்கும். கடன் தவணை நிற்காது.

தேய்ந்ததை எப்படித் தெரிஞ்சுக்கலாம்?

* ஓரத்தில் நூல் பிரியும், உள்பக்கம் வெடிப்பு தெரியும்.
* மிஷினைப் போட்டதும் கீச்சென்று சத்தம் வரும்.
* ரப்பர் கருகும் வாடை வரும், புல்லிக்குக் கீழே கருப்புத் தூள் விழும்.

என்ன செய்யணும்?

* வாரம் ஒருமுறை மெயினை அணைத்து, பியூஸை எடுத்துவிட்டுப் பாருங்க. புல்லிகளுக்கு நடுவில் 2 அடி இடைவெளி இருந்தால், பெருவிரலால் அழுத்தும்போது பெல்ட் சுமார் 1 செ.மீ. அமுங்கணும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். ரொம்ப விறைப்பாக இருந்தால் பேரிங் கெடும்.
* சத்தம் போக எண்ணெய், கிரீஸ் தடவாதீங்க. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.
* மாட்டும்போது திருப்புளியால் நெம்பாதீங்க. மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி மாட்டுங்க.
* இரண்டு மூன்று பெல்ட் ஓடினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்க. பழசு தொய்ந்திருக்கும், பாரம் முழுவதும் புதுசின் மேல் விழும்.
* பெல்ட் மேல் உள்ள எண்ணைக் குறித்து வையுங்க. பி 52 என்றால் 'பி' அகலம் (17 மி.மீ.), 52 அங்குலம் நீளம்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பெல்ட் மூடி இல்லாமல் மில்லை ஓட்டவே கூடாது. முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்த பிறகே சுவிட்சைத் தொடுங்க. பெல்ட் போனால் வாங்கிக்கலாம், கை போனால்?

மில் வைத்திருக்கும் குழுக்கள் ஒரு செட் பெல்ட்டைக் கையிருப்பில் வைப்பது பற்றி அடுத்த கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள்.