பேட்டரி பின்னால் போனால் கேபிள் எவ்வளவு தடிமன்?

தமிழாசிரியருக்குக் கார் பேட்டரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விளக்கக் கட்டுரை என்றாலே நம் பசங்க நூலகத்தின் பயனையும் நேரத்தின் அருமையையும்தான் எழுதுகிறார்கள். ஆனால் பள்ளி முடிந்ததும் அவர்களில் பலர் கை வைப்பது கார் எஞ்சினில். அதனால் இந்த முறை அந்தப் பொருளிலேயே ஒரு விளக்கம்.

பாலோ சிறிய பட்டணம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இங்கே இளைஞர்கள் பழைய கன்சிலை வாங்கி, அதில் டைஹட்சு மீரா டர்போ எஞ்சினை ஏற்றுவது சாதாரண விஷயம். கன்சில் 1994இல் வந்ததே மீராவை அடிப்படையாகக் கொண்டுதான், அதனால் எஞ்சின் பொருந்திவிடும். பொருந்தாதது இடம். டர்போவும் அதன் குழாய்களும் வந்தபின் பானட்டுக்கு அடியில் பேட்டரிக்கு இடமிருக்காது. உடனே பேட்டரியைப் பின்னால் பூட்டுக்குள் தூக்கிவிடுவார்கள். இது கிறுக்கு யோசனை இல்லை. பி.எம்.டபிள்யூ. ஈ46, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 10 போன்ற கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பேட்டரி பின்னால்தான். முன்பக்கப் பாரம் குறையும், எஞ்சின் சூடும் பேட்டரியைத் தாக்காது.

என் முன்னாள் மாணவன் ஒருவனும் அப்படித்தான் செய்தான். ஒரு மாதம் கழித்து வந்தான். “சார், காலையில வண்டி ஓகே. சூடான பிறகு சாவியத் திருப்பினா டக்குனு சத்தம் மட்டும்தான் வருது.” புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர் என்று ஏற்கெனவே செலவு செய்துவிட்டிருந்தான். கோளாறு இரண்டிலும் இல்லை, நடுவிலிருந்த கேபிளில் இருந்தது.

பேட்டரி முன்னால் இருந்தபோது ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் ஒரு மீட்டர்கூட இருக்காது. பூட்டிலிருந்து வளைந்து நெளிந்து வரும்போது கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆகிவிடுகிறது. கம்பி நீண்டால் மின்தடை கூடும், பருத்தால் குறையும். படிவம் 5 இயற்பியலில் மின்சார அத்தியாயத்தில் இது வருகிறது. ‘ரிந்தாங்கான்’ என்று அங்கே படித்ததுதான் நம் மின்தடை. செம்பின் மின்தடைத்திறன் 0.0172, அதை நீளத்தால் (மீட்டர்) பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் (சதுர மில்லிமீட்டர்) வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். அதை மின்னோட்டத்தால் பெருக்கினால், வழியிலேயே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று தெரிந்துவிடும்.

சின்ன எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டருக்கு 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டால் 0.65 வோல்ட் தொலையும். 25 என்றால் 0.41. 35 என்றால் 0.3க்குச் சற்றுக் குறைவு. 50க்குப் போனால் 0.21. நேர்முனைப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியென்றால் 25 ஒட்டிக்கொண்டு தேறுகிறது, 35 தாராளமாகத் தேறுகிறது. ‘ஒட்டிக்கொண்டு’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு ஏறும். நம்ம ஊர் வெயிலில் கார் வேகும்போது 20 டிகிரிக்குப் போட்ட கணக்கு அப்படியே நிற்காது. சூடான டர்போ எஞ்சின் இன்னும் கூடுதலாக ஆம்பியர் கேட்கவும் செய்யும். என் கருத்து, கன்சிலாக இருந்தாலும் 35 போடுங்கள். 1.6, 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 50.

அவன் போட்டிருந்தது கார் ஆடியோ செட்டோடு வந்த ‘4 கேஜ்’ கேபிள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அந்தக் காலத்தில் கம்பியை அச்சுத் துளைகள் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்கினார்கள். எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்துதான் அந்த எண் வந்தது. எண்ணில் மூன்று கூடினால் பரப்பு பாதியாகும். அமெரிக்க அளவில் 4 கேஜ் என்றால் 21 சதுர மி.மீ., 2 கேஜ் ஏறக்குறைய 34 சதுர மி.மீ. அவனுடைய கேபிளை நறுக்கிப் பார்த்தோம். மேலே ரப்பர்தான் கொழுப்பு, உள்ளே 16 இருந்தாலே அதிகம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம்! அதன் மின்தடை சுத்தச் செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் காலி. ஆகவே கேஜ் எண்ணை நம்பாதீர்கள். சதுர மில்லிமீட்டரைக் கேளுங்கள், ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் வளையும், அளவும் சதுர மி.மீ.யில்தான் இருக்கும். எண்ணெய் படாமலிருக்க அதன்மேல் நெளிகுழாய் போட்டுவிட வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாதது சின்னப் பிரச்சனை. நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அந்தக் கேபிள் பின் இருக்கைக்கு அடியில் போகிறது. அவன் தங்கச்சி அந்த இருக்கையில்தான் பள்ளிக்குப் போகிறாள். பூட்டுக்கும் கேபினுக்கும் நடுவில் தகட்டில் ஓட்டை போட்டுக் கேபிளை அப்படியே நுழைத்திருந்தான். ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. ஃபியூஸும் இல்லை. தோட்டத்து மண்சாலையில் ஆடி ஆடித் தகட்டின் விளிம்பு கேபிளின் தோலைப் பாதி அறுத்திருந்தது.

முழுதாக அறுந்திருந்தால் என்ன ஆகும்? கார் உடம்பே எதிர்முனைதான், ஆகவே அது நேரடிக் குறுக்குச் சுற்று. பேட்டரியின் உள்தடை 0.008 ஓம் என்று கொள்வோம். 35 சதுர மி.மீ. கேபிளின் கடைசியில் இது நடந்தால் சுமார் 1200 ஆம்பியர் பாயும். கேபிளில் மட்டும் 3600 வாட் சூடு, அதாவது குளியலறை ஹீட்டர் ஒன்று இருக்கைக்கு அடியில் தண்ணீரில்லாமல் எரிகிற மாதிரி. தடித்த கேபிள் போட்டால் பத்திரம் என்று நினைப்பது தவறு. தடிமன் கூடினால் மின்னோட்டமும் கூடத்தான் செய்யும். காப்பாற்றுவது ஃபியூஸ் மட்டுமே.

அந்த ஃபியூஸை எஞ்சின் பக்கம் வைத்துப் பயனில்லை. அது காப்பது கேபிளை. அதனால் பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். 35க்கு 200 ஆம்பியர் ஏ.என்.எல். அல்லது மெகா வகை சரியாக வரும். ஸ்டார்ட்டர் நொடிப்பொழுது கூடுதலாக இழுத்தாலும் அது தாங்கும். பி.எம்.டபிள்யூ. ஈ46இல் விபத்து நடந்தால் சிறு வெடிமருந்து வெடித்து ஸ்டார்ட்டர் கேபிளை பேட்டரி முனையிலேயே பிரித்துவிடும். அவ்வளவு பெரிய நிறுவனமே அந்த நீளமான கேபிளுக்குப் பயந்திருக்கிறது, பாருங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியில் முதலில் கழற்றுவது எதிர்முனை, கடைசியில் மாட்டுவதும் அதுதான். இல்லையென்றால் நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் தகட்டில் பட்டாலே தீப்பொறி. கேபிள் முனையில் செம்பு லக் வைத்து ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் நசுக்குங்கள். சுத்தியலால் அடித்த லக் கொஞ்ச நாளில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். எதிர்முனைக் கேபிளும் அதே தடிமன். பூட்டில் பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட வேண்டும். எஞ்சினையும் கார் உடம்பையும் இணைக்கும் பழைய பட்டையையும் மாற்றுங்கள், நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் குழாயும் புகைக்குழாயும் போகும் வழியில் கேபிள் வேண்டாம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றக்கூடியது. ஆகவே மூடிய ஏ.ஜி.எம். வகை வாங்கி, அதன் காற்றுக்குழாயைக் காருக்கு வெளியே விடுங்கள். பேட்டரியை இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மாற்றத்துக்கு முன் ஜே.பி.ஜே.யில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கேபிளை மாற்றிய அன்று மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நேர்முனையிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். 0.3 காட்டியது. “சார், கணக்கு அப்படியே வருது!” என்றான். வகுப்பில் கணக்கென்றாலே பின் வாசல் வழியாக நழுவியவன்.

வகுப்பில் கொடுக்க ஒரு பயிற்சி: ஒரு வீராவில் கேபிளின் நீளம் 5.5 மீட்டர், ஸ்டார்ட்டர் இழுப்பது 180 ஆம்பியர். 25, 35, 50 சதுர மி.மீ. கேபிள்களில் எது அரை வோல்ட் வரம்புக்குள் வரும்? விடையைக் கண்டுபிடித்து, கடைக்குப் போகும் நண்பனுக்குச் சொல்வதுபோல் எண்பது சொற்களில் விளக்கி எழுதுக.