இரண்டாவது துறைக்கு அங்கே என்ன வேலை?

பிஎச்.டி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வருகிறது. ஆவடியை அடுத்த சேக்காட்டிலிருந்து எழுதியவர் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல். ஒரு பேராசிரியரின் ‘ஆய்வு ஆர்வங்கள்’ பட்டியலை அப்படியே தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார்: புற்றுநோய் உயிரியல், நானோ மருந்து, செயற்கை நுண்ணறிவு, மூலிகை, திசுப் பொறியியல். கீழே ஒரு வரி: “இத்தனையும் ஒருத்தரே செய்வாரா சார்?”

செய்ய மாட்டார். அந்தப் பட்டியலில் பாதி அவர் எப்போதோ செய்தது, மீதி செய்ய ஆசைப்படுவது. ‘பல்துறை ஆராய்ச்சி’ என்றால் துறைகளின் எல்லையைக் கடப்பது என்கின்றன பல்கலைக்கழகக் கையேடுகள். என் அளவுகோல் அவ்வளவு பெரிதல்ல. இரண்டாவது துறைக்காரரை எடுத்துவிட்டால் வேலை நின்றுபோக வேண்டும். நிற்கவில்லையா, அவர் பெயர் அங்கே தோரணம்தான்.

நின்றுபோகும் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க அந்த அப்பா வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆவடியில் தொழுநோய்க்கான ஃபீல்டு யூனிட் ஒன்று இருந்தது. ஆக்ராவின் ஜால்மா நிறுவனத்தைச் சேர்ந்தது. 1991 ஜனவரியில் அது ஒரு தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. போட்டியில் நான்கு ஊசிகள்: பிசிஜி மட்டும், பிசிஜியோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி, எம்.டபிள்யூ., ஐசிஆர்சி என்ற பெயருள்ள இரண்டு ஊசிகள். ஐந்தாவது வெறும் உப்புநீர். சுமார் 3 லட்சம் பேரில் 2,16,000 பேர் தகுதி பெற்றார்கள். அவர்களில் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் 1,71,400.

இவ்வளவு பேர் எதற்கு? தொழுநோய் அரிதாக வரும், வரவும் பல வருஷம் பிடிக்கும். ஆயிரம் பேருக்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நோயாளிகள் தேறுவார்கள். காப்பாற்றியது ஊசியா அதிர்ஷ்டமா என்று யாராலும் பிரிக்க முடியாது. கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வது டாக்டரின் கையில் இல்லை, கணக்குப் போடுபவரின் கையில் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது ரகசியக் குறியீடு. களப்பணியாளர் ஒருவர் வாசல் வெளிச்சத்தில் ஒரு பையனின் முதுகைப் பார்க்கிறார். வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா, சந்தேகம். அந்தப் பையனுக்குப் போட்டது உப்புநீர் என்று தெரிந்திருந்தால் பார்ப்பவரின் கண் தொழுநோய்ப் பக்கமே சாயும். வேண்டுமென்றே செய்வதில்லை, கண்ணின் இயல்பு அது. அதனால் யாருக்கு எந்த ஊசி என்பது பார்ப்பவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரண்டாவது மறு ஆய்வு முடிந்து 1998 டிசம்பரில்தான் குறியீட்டை உடைத்தார்கள்.

பிசிஜியோடு கொன்ற கிருமி 64 சதவீதம் காத்தது, ஐசிஆர்சி 65.5, பிசிஜி மட்டும் 34.1, எம்.டபிள்யூ. 25.7. இந்தக் கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உண்மைப் பாதுகாப்பு 1.9-க்கும் 43.8-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று கணக்கு சொன்னது. அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து ஓரளவு பரவாயில்லை என்பதுவரை. கடுமையான வகைத் தொழுநோயைப் பற்றி எதுவும் சொல்லும் அளவுக்கு நோயாளிகள் இல்லை என்பதையும் ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள். ஆய்வறிக்கைகளில் இந்த அடக்கம் அபூர்வம்.

வேடிக்கை என்னவென்றால், பட்டியலில் கடைசியாக வந்த எம்.டபிள்யூ.தான் 2016-ல் பீகார், குஜராத் மாவட்டங்கள் சிலவற்றுக்கு அறிவிக்கப்பட்டது. கான்பூர் பகுதியில் நோயாளிகளின் வீட்டாருக்குப் போட்டுப் பார்த்த இன்னொரு சோதனையில் அது நன்றாகவே காத்திருந்தது உண்மை. ஆனால் அறிவிப்புச் செய்திகளில் ஆவடி எண்ணைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

குறியீடு உடைந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1999 ஜூலை 2-ல் ஆவடி யூனிட்டையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்துத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாயிற்று. இன்று அது அயப்பாக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது துறைக்காரரை எடுத்துவிட்டால் நின்றுபோகும் வேலை இதுதான். ஆகவே அந்த மகள் பேராசிரியரிடம் கேட்க வேண்டியது: “சார், இதில் செயற்கை நுண்ணறிவுப் பகுதியை யார் செய்கிறார்கள், எந்தத் துறையில் உட்கார்ந்து செய்கிறார்கள்?” பதிலில் ஒரு ஆளின் பெயர் வர வேண்டும். மென்பொருளின் பெயர் வந்தால் யோசியுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கைடிடம் இடம் இருக்கிறதா? ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஆர்வத்தைப் படிக்கும் முன் இதைக் கேளுங்கள்.

ஓய்வு பெறப் போகிறவர்? மூன்று ஆண்டுக்குக் குறைவாகப் பணி மீதமிருந்தால் புதிய மாணவரை எடுக்க முடியாது.

கோ-கைடு வெளியிலிருந்து வரலாமா? வரலாம், வேறு பல்கலைக்கழகத்திலிருந்தும்.

நெட் தேர்வு? ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30. மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்.

கட்டுரை வெளியிடுவது கட்டாயமா? 2022 விதிகளில் யுஜிசி அதை நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் நீக்கியதா என்று பாருங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு எந்தத் துறையில் வேலை? உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலை ‘தொடர்புடைய’ பாடத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி, தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்வது எதிரே உட்கார்ந்திருக்கும் குழு, பிஎச்.டி. சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் அச்சாகும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.