எவருக்காக எழுதப்பட்ட மருந்து?



ஒரு நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்தை வேறொரு தேவைக்காக வைத்தியர் எழுதிக் கொடுப்பது புதிய விடயமன்று. பல நாடுகளில் அது சட்டபூர்வமானது. சிறுவர்களுக்கு வழங்கப்படும் மருந்துகளிற் பல அத்தகையனவே. எனவே அதனை முற்றாகக் குறை கூற இயலாது. ஆயினும் உடல் மெலிவதற்கான மருந்துகளில் விவாதம் ஓய்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1976 இல் பிரான்சில் 'மீடியேட்டர்' எனும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. உடற்பருமன் கொண்ட நீரிழிவு நோயாளருக்கெனக் கூறப்பட்ட அம்மாத்திரை பசியையும் அடக்கியது. ஆகவே நீரிழிவே இல்லாத பலருக்கும் எடை குறைய அது எழுதப்பட்டது. உடலினுள் அது மாறி உருவாகும் பொருளோ இதய வால்வுகளைத் தடிக்கச் செய்வது. அதே பொருளைத் தரும் ஃபென்ஃபுளூரமைன் 1997 இலேயே அமெரிக்காவில் மீளப்பெறப்பட்டிருந்தது. மீடியேட்டர் மட்டும் 2009 வரை விற்கப்பட்டது! பிரெஸ்ட் நகர வைத்தியசாலையின் நுரையீரல் வைத்தியர் ஐரீன் ஃப்ராஷோன் நோயாளரின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டியதனாலேயே உண்மை வெளிப்பட்டது. 2021 இல் பாரிஸ் நீதிமன்றம் தயாரிப்பு நிறுவனத்தைக் குற்றவாளியெனத் தீர்த்தது.

இன்று பேசப்படும் செமாகுளுடைட் வேறு வகையானது. அதனை இதனோடு ஒன்றாக்குவது நீதியன்று. 'ஒசெம்பிக்' எனும் பெயரில் 2017 இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கும், 'வெகோவி' எனும் பெயரில் 2021 இல் உடற்பருமனுக்கும் அனுமதிக்கப்பட்டது. வயிறு வெறுமையாவதைத் தாமதப்படுத்தி, நிறைவுணர்வைத் தருகிறது. 68 வார ஆய்வொன்றில் சராசரியாக 15 வீத அளவுக்கு எடை குறைந்தது. ஊசியை நிறுத்தியோருக்கு ஓராண்டில் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிற்று. பருமனால் மெய்யாகவே நோயுற்றவருக்கு இது பேருதவி. ஆனால் அழகுக்காக அதனை வாங்கியோர் பெருகியதும், தட்டுப்பாட்டினால் நீரிழிவாளர் மருந்தகம் மருந்தகமாக அலைந்தனர். போலி ஒசெம்பிக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 இல் எச்சரித்தது.

மருந்தின் அளவு பற்றிப் பேச மௌலவியாகிய எனக்குத் தகுதியில்லை. அது வைத்தியரின் துறை. பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நிக்காஹ்வுக்கு முன் மகள் மெலிய வேண்டுமென எவரோ தந்த ஊசியை அவளுக்குப் போடுகிறீர்களா? கருத்தரிக்கத் திட்டமிடுவோர் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாகுளுடைட்டை நிறுத்த வேண்டுமென அம்மருந்தின் அறிவுறுத்தற் தாளிலேயே எழுதப்பட்டுள்ளது. கைமாறி வந்த ஊசியோடு அந்தத் தாள் உங்கள் வீட்டுக்கு வந்ததா?