குறிச்சொல் யார் கையில்?

'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவனையும் குந்தவையையும் வைத்து ஒருவர் புதிதாக ஒரு கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு பெயர்களுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டால் அது காதல் கதை. வந்தியத்தேவனுக்கும் ஆழ்வார்க்கடியானுக்கும் நடுவில் '&' போட்டால் அது நட்பையோ வம்பையோ பற்றிய கதை, காதல் அதில் கிடையாது. பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை ஃபேன் ஃபிக்ஷன் என்கிறோம். பொன்னியின் செல்வனுக்கும் அப்படிப்பட்ட கதைகள் இணையத்தில் இருக்கின்றன. அந்த உலகத்தில் இப்படி ஒரு சிறு குறியே கதையின் வகையைச் சொல்லிவிடுகிறது. இந்தக் குறிகளை எந்தப் பதிப்பாளரும் பேராசிரியரும் வகுத்துத் தரவில்லை. எழுதுபவர்களும் படிப்பவர்களும் தங்கள் தேவைக்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இன்றுவரை அவை பயன்படுவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

சாய்கோட்டின் கதையையே பார்க்கலாம். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' தொடங்கியது. மறு ஆண்டே 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்தது. எழுபதுகளில் அந்தத் தொடரின் கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்களாக இருந்தால் எப்படியிருக்கும் என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தக் கதைகள் வந்த ரசிகர் இதழ்கள் பெரும்பாலும் ரசிகர் மாநாடுகளிலும் தபால் வழியாகவும்தான் கைமாறின. பணம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு உறைக்குள் என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிய வேண்டுமல்லவா? கிர்க், ஸ்பாக் என்னும் பெயர்களின் முதலெழுத்துகளுக்கு நடுவே போட்ட சாய்கோடு அதைச் சொன்னது. பிறகு அந்தக் கோட்டின் ஆங்கிலப் பெயரான 'ஸ்லாஷ்' என்பதே ஆண்-ஆண் காதல் கதைகளுக்குப் பெயராகிவிட்டது. வேறு குறிகளும் உண்டு. 'ஹர்ட்/கம்ஃபர்ட்' என்றால் ஒருவர் நோயிலோ காயத்திலோ தவிக்க மற்றவர் பக்கத்தில் இருந்து தேற்றும் கதை. மூலக்கதையில் மனம் ஆறாத ஒன்றைச் சரிசெய்வது 'ஃபிக்ஸ்-இட்'. ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் சாகாமல் பிழைத்துக்கொள்வதாக ஒருவர் எழுதினால் அது இந்த வகையில் சேரும். புத்தகக் கடையில் துப்பறியும் நாவல், சரித்திர நாவல் என்று அடுக்கிவைப்பது கதையின் பொருளைப் பார்த்து. இங்கே வாசகர் எந்த மனநிலையில் கதையைத் தேடி வருகிறாரோ அதுவே வகையாகிறது.

எல்லாவற்றையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் கதையில் என்ன சுவை மிஞ்சும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பாஞ்சாலிக்கு என்ன நேரும் என்று அறிந்தேதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். தெரிந்த பாத்திரங்களைத் திரும்பவும் பார்க்க வரும் வாசகருக்கு 'அடுத்து என்ன' என்பதைவிட 'எப்படி' என்பதில்தான் ஈர்ப்பு. அதோடு, மறைக்க விரும்புபவருக்கும் வழி இருக்கிறது. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற தளத்தில் கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் போன்ற சிலவற்றுக்கு முன்னெச்சரிக்கை போட வேண்டும். 'எச்சரிக்கை தர விரும்பவில்லை' என்று அறிவிக்கும் உரிமையும் எழுதியவருக்கு உண்டு. அதைப் பார்த்தபின் உள்ளே போவது வாசகரின் சொந்த முடிவு. இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பெயரிடும் அதிகாரம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஃபேன்ஃபிக்ஷன்.நெட் என்ற தளம் 2002இல் வயது வந்தோருக்கான உச்சத் தரக்குறி கொண்ட கதைகளை மொத்தமாகத் தடைசெய்தது. தங்கள் கதைக்கு உண்மையான குறியைப் போட்டவர்கள்தான் அந்த உண்மையால் முதலில் அடிபட்டார்கள். 2007 மே மாதம் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் நிறுவனம், பயனர்களின் விருப்பப் பட்டியலில் இருந்த சில சொற்களை வைத்து நூற்றுக்கணக்கான பக்கங்களை முடக்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்ட குழுக்களும், நபக்கோவின் 'லோலிட்டா' நாவலை விவாதித்த குழுவும் அதில் சிக்கின. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரே சொல் ஓரிடத்தில் எச்சரிக்கை, வேறிடத்தில் அடைக்கலம், இன்னோரிடத்தில் இலக்கிய ஆய்வு. அந்தச் சமூகத்துக்குள் இருப்பவருக்குத்தான் இந்த வேறுபாடு புரியும்.

அதே 2007இல் ரசிகர்கள் தாங்களே ஒரு லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, 2009 நவம்பரில் ஆர்க்கைவ் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆளுக்கொரு சொல் எழுதினால் குழப்பம்தானே மிஞ்சும் என்ற சந்தேகத்துக்கு அந்தத் தளத்தின் நடைமுறையே பதில். எழுதுபவர் தனக்குத் தோன்றிய சொற்களைக் குறிச்சொல்லாகப் போடலாம். 'டேக் ராங்லர்' எனப்படும் தன்னார்வலர்கள் பின்னாலிருந்து அவற்றை இணைக்கிறார்கள். ஒருவர் 'குந்தவை' என்றும் இன்னொருவர் 'இளைய பிராட்டி' என்றும் எழுதினாலும், ஒன்றைத் தேடுபவருக்கு இரண்டும் கிடைக்கும்படி செய்வது அவர்கள் வேலை. கதையின் மேல் எழுத்தாளர் போட்ட சொல்லில் மட்டும் கைவைப்பதில்லை. நூலகத்தின் ஒழுங்கும் தெருப்பேச்சின் சுதந்திரமும் இப்படி ஒரே இடத்தில் வாய்ப்பது அரிது. 2019இல் இந்தத் தளம் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருதைப் பெற்றது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண் என்று காதலர்களின் பாலினத்தை வைத்தே கதைகளைப் பிரிப்பது இன்றும் தொடர்கிறது. முற்காலத்தில் இரு ஆண்கள் கைகோத்து நடந்தாலே அதைப் பெரியவர்களுக்கான கதையாக நினைத்தவர்கள் இருந்தார்கள், இந்தப் பிரிவினையில் அந்தப் பார்வையின் நிழல் படிந்திருக்கிறது. ஆர்க்கைவ் தளம் தரக்குறியையும் இந்த வகையையும் தனித்தனியாக வைத்திருப்பதால், இரு பெண்களின் காதல் கதை எல்லோருக்குமான கதையாகவும் இருக்க முடிகிறது. அது உண்மையான முன்னேற்றம். இன்னொரு கவலை, 'எதிரிகள் காதலர்களாவது' போன்ற ரசிகர் குறிகளை ஆங்கிலப் பதிப்பகங்கள் விற்பனை உத்தியாக எடுத்துக்கொண்டது. கடையில் அந்தக் குறி தூண்டில் முள்ளாகலாம். காசு வாங்காமல் எழுதும் ரசிகர் பொய்க்குறி போட்டால் வாசகரின் கோபத்தைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் அவருடைய குறியை நான் நம்புவேன்.

ஒரு கதைக்கு ஆயிரக்கணக்கில் குறிச்சொற்களைக் குவித்து, தேடல் பக்கத்தையே ஒருவர் அடைத்த பிறகு, 2021இல் ஆர்க்கைவ் தளம் ஒரு வரம்பு கொண்டுவந்தது. ஒரு கதைக்கு அதிகபட்சம் 75 குறிச்சொற்கள்தான் போடலாம். அந்த எழுபத்தைந்தும் என்ன சொற்கள் என்பதை இன்றும் எழுதுபவர்தான் முடிவு செய்கிறார்.