கவுண்டரும் கணிப்பொறி அறையும்



நமது சங்கத்தின் குடும்பப் பதிவேட்டை இணையப் பக்கத்தில் ஏற்றிய மறுநாள், பீர்மேட்டிலிருந்து ஓர் அன்பர் போன் செய்தார். "ஐயா, எங்க அப்பா பேரு இருக்கற இடத்துல வரிசையா கேள்விக்குறிதான் இருக்குது" என்றார். திறந்து பார்த்தேன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு என எல்லா ஊர்க் குடும்பங்களும் கேள்விக்குறிகளாகவே நின்றன. ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் நம் பெயர்கள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கின்றன. நம் பதிவேட்டிலாவது அவை தமிழில் இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையையே தொடங்கினோம்.

தவறு பெயர்களில் இல்லை, இணைப்பில் இருந்தது. வெளியூர்ச் சங்கங்கள் பலவற்றிலும் பிள்ளைகளே இத்தகைய பக்கங்களை அமைப்பதால், அந்த இணைப்பைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

ரயில்வேக்காரனான எனக்கு முன்பதிவு கவுண்டர்தான் நல்ல உதாரணம். 1985-இல் புதுடில்லியில் சோதனையாகத் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, பின்னர் நாடெங்கும் பரவியது. பாலக்காடு ஜங்ஷனில் பயணி படிவத்தை நீட்டுவார். கவுண்டரில் இருப்பவர் அதைச் சென்னையிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பி, பதிலை வாங்கி, டிக்கெட்டாகக் கொடுப்பார். பயணி ஒருநாளும் கணிப்பொறி அறைக்குள் போவதில்லை. 2002-இல் இணைய முன்பதிவு வந்ததும், ரயில் பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தின் மூணாறிலிருந்தும் டிக்கெட் எடுக்க முடிந்தது. அங்கே கவுண்டர்காரரின் வேலையை ஒரு நிரல் செய்கிறது.

நமது பக்கத்தில் அந்தக் கவுண்டர்காரர் பிஎச்பி என்னும் நிரல்மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-இல் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கி, 1995-இல் வெளியிட்டது. கணிப்பொறி அறை, அதே 1995-இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் என்னும் தகவல்தள சர்வர். அதில் எல்லாம் அட்டவணைகளாக இருக்கும். குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் உள்ள குடும்ப எண் அவற்றைச் சேர்த்துவைக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் வகுத்த முறை இது.

இணைக்க நான்கு விவரங்கள் வேண்டும்: சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தகவல்தளத்தின் பெயர். இவற்றை எழுதிய கோப்பை, வெளியார் திறக்கக்கூடிய பகுதியில் வைக்கக் கூடாது. நிரலுக்குக் கொடுக்கும் பயனருக்குத் தேவையான உரிமை மட்டுமே இருக்கட்டும். கவுண்டர்காரரிடம் கணிப்பொறி அறைச் சாவியை யாரும் கொடுப்பதில்லை அல்லவா?

இணைப்புக் கிடைத்தவுடன் ஐந்தாவதாக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் விட்டது அதைத்தான். எந்த எழுத்துமுறையில் பேசப் போகிறோம் என்பதே அது. 'முருகன்' என்ற பெயர் யுனிகோடில் 7 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். எங்கள் சர்வரில் இருந்ததோ பழைய பதிப்பு. 2018-இல் வந்த 8.0-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்துமுறை என்றே எடுத்துக்கொள்ளும். லத்தீனில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. எனவே முருகன் 7 கேள்விக்குறிகளாக வந்து நின்றார்.

உள்ளே இருந்த தகவல் பழுதாகவில்லை. அட்டவணை யூடிஎஃப்-8 முறையில்தான் இருந்தது. பெயர்களை ஏற்றியபோது எழுத்துமுறையைச் சரியாகச் சொல்லியிருந்தோம். பக்கத்தைக் காட்டும் நிரலில் மட்டும் அந்த ஒரு வரி இல்லை. அதைச் சேர்த்ததும் பெயர்கள் திரும்பிவிட்டன, ஒரு குடும்பத்தைத் தவிர. நம் இளைஞர் ஒருவர் முகவரி திருத்துவதற்காக அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து 'சேமி' பொத்தானை அழுத்தியிருந்தார். கண்ணுக்குத் தெரிந்த கேள்விக்குறிகள் அப்படியே உள்ளே போய்ப் பெயர்களாகப் பதிந்துவிட்டன. நல்லவேளையாகப் பழைய காகித அட்டை இருந்தது. அதைப் பார்த்து மறுபடி எழுதினோம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பார்வையாளர் தட்டச்சு செய்ததை நேரே கேள்விக்குள் ஒட்டக் கூடாது. பெயருக்குப் பதில் ஒரு கட்டளையை எழுதிப் பதிவேட்டையே அழிக்க நினைப்பவரும் இருப்பார். முன்பதிவுப் படிவத்தில் அச்சிட்ட பகுதி வேறு, நாம் நிரப்பும் கட்டம் வேறு. கட்டத்தில் என்ன எழுதினாலும் அச்சு மாறாது. அதுபோலக் கேள்வியை முதலில் அனுப்பி, விவரங்களைத் தனியே அனுப்பும் 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்' முறையையே கையாள வேண்டும். பழைய புத்தகங்களில் காணும் 'மைஎஸ்க்யூஎல்' கட்டளைகள் 2015-இல் வந்த பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ என்ற வழிகள் உள்ளன.

உங்கள் ஊரிலும் பிள்ளைகள் இப்படி ஒரு பதிவேடு அமைத்தால், முதலில் தாத்தா பாட்டியின் பெயரைத் தமிழில் ஏற்றி, திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்விக்குறி வந்தால் எதையும் சேமிக்காமல் இணைப்பைச் சரிபார்க்கட்டும். காகித அட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.