ஒளிப்படமும் எழுத்தும்

ஒளிப்படம் கலையா, வெறுங் கருவித் தொழிலா என்னும் வினா அது தோன்றிய காலந்தொட்டே நிகழ்ந்து வருகின்றது. ஓவியன் உள்ளத்தால் வரைகின்றான், கமெராவோ கண்ணாடியால் வரைகின்றது, ஆதலின் இது கலையன்று என்பர் ஒரு சாரார். உள்ளதை உள்ளவாறே காட்டுதலின் வரலாற்றிற்கு இதனினுஞ் சிறந்த சான்றில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முற்றும் பொருந்தா என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் பழம்படங்கள் சிலவற்றைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

கப்டன் லினேயஸ் ட்றைப் என்பார் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்தவர். சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராய் 1858இல் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படம் பிடித்தார். மெழுகூட்டிய தாளே அவருடைய நெகற்றிவ். முதலாம் இராசராசன் 1010இல் நிறைவேற்றிய விமானத்தின் அடித்தளத்திலே தமிழ்க் கல்வெட்டு வரிகள் நீண்டு செல்கின்றன. ஓரிடத்தில் நின்று அவற்றைக் கமெராவில் அடக்கல் இயலாது. ஆதலின் அவர் கமெராவைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாய் நகர்த்திப் பிடித்து, 21 படங்களை ஒன்றாய் ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமான ஏடு ஒன்று உருவாயிற்று! அக்கோயிற் கல்வெட்டுக்கள் 'தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்' என்னும் தொகுதியில் அச்சாகத் தொடங்கியது 1891இலேதான் என்பதை நோக்கின் அவ்வேட்டின் அருமை புலனாகும்.

இத்துணை உண்மை பேணிய அவரே வேறு சில படங்களின் வானத்தில் முகில்களைத் தம் கையால் தீட்டினார். அக்காலத்து மருந்துகள் நீலவொளியை மிகுதியாய் ஏற்றமையால் வானம் வெறும் வெள்ளையாய் விழும். அக்குறையைத் தூரிகை நிரப்பிற்று. "அப்படியாயின் அவர் ஏமாற்றுக்காரரோ, ஐயா?" என்று வகுப்பில் மாணவன் ஒருவன் வினவினான். கண் கண்ட முகிலைத் தாள் தர மறுத்தது, கை தந்தது, அவ்வளவே என்றோம். அவன் அமைதியுற்றதாகத் தெரியவில்லை.

அப்படங்களிலே மனிதர் மிக அருகியே உளர். கமெரா நெடுநேரந் திறந்திருக்க வேண்டியிருந்தமையால் நடமாடுவோர் பதியார் என்பது ஒரு காரணம். ஆட்சியாளர் வேண்டியவை கட்டடங்களே என்பது பிறிதொன்று என எண்ணுகின்றோம். விளக்கேற்றுவாரும் பூத்தொடுப்பாருமின்றி, வழிபாடுள்ள கோயில் பாழ்மண்டபம் போலத் தோன்றுகின்றது. அக்கோயிற் கல்வெட்டொன்றோ ஆடல் மகளிராகிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயரும் மனையும் குறித்துக் காத்து நிற்கின்றது.

எமது கல்லூரி மண்டபத்துக் குழுப்படங்களின் நிலை இதற்கு மறுதலை. ஆங்கு முகங்கள் உள, பெயர்கள் இல. அடியில் ஒட்டிய தாள்களைக் கறையான் அரித்துவிட்டது. நாற்காலியில் வீற்றிருக்கும் ஆசிரியர்களை அறிவார் உளர். பின்வரிசைச் சிறுவரை யார் அறிவார்? விழா மலருக்காக ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, பழைய மாணவராகிய முதியவர் ஒருவரிடஞ் சென்றோம். பதினொரு பெயர்களைத் தடையின்றிச் சொன்னார். பன்னிரண்டாம் முகத்தில் விரலை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

"இவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன்" என்றார். பெயர் வரவில்லை.

அம்முகத்திற்கு நேரே இடம் விட்டு எழுதியுள்ளோம்.