மீன் பிடிக்கலாமா, கூடாதா? ஊரைக் கூட்டிக் கேட்கிறார்கள்!

கடலில் மீன் இருந்தது. துறைமுகத்தில் படகு இருந்தது. படகில் தூண்டிலும் இருந்தது. ஆனால், "மீன் பிடிக்கக் கூடாது" என்று உத்தரவு! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. அந்தப் பருவம் முழுவதும்!

இது நடந்தது அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில், 2023-ம் ஆண்டில். தடை செய்யப்பட்டது சால்மன் மீன்.

தடை போட்டால் மீனவர்கள் கொதித்து எழுவார்கள் என்றுதானே நினைப்போம்? அங்கே நடந்ததே வேறு. "மூடி விடுங்கள்" என்று மீனவர்களிலேயே பலர் கேட்டார்கள். தங்கள் பிழைப்புக்குத் தாங்களே பூட்டுப் போடச் சொன்னார்கள்!

ஏன் அப்படிச் சொன்னார்கள்? அவர்களை யார் கேட்டார்கள்? அது தெரிய வேண்டுமானால், முதலில் அந்த மீனின் கதை தெரிய வேண்டும்.

ஆற்றில் பிறக்கும், கடலில் வளரும்

சால்மன் ஒரு விசித்திரமான மீன். (நம் கடலில் கிடைக்கும் காலா மீனை 'இந்திய சால்மன்' என்று சொல்வது உண்டு. அது வேறு ஜாதி.) அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிடிபடும் சால்மன்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சினூக். மற்றொன்று கோஹோ. சினூக்குக்கு 'ராஜா' என்றும் பெயர். 20 பவுண்டு, 30 பவுண்டு எடையுள்ள ராஜாக்களும் உண்டு.

ஆற்றின் மேல் பகுதியில், குளிர்ந்த தண்ணீரில், கூழாங்கற்களுக்கு நடுவே தாய் மீன் முட்டை இடும். குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகும். சில ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் வளரும். பிறகு, பிறந்த ஆற்றையே தேடிக்கொண்டு திரும்பி வரும். தண்ணீரின் வாசனையை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். வந்து, முட்டை இட்டு, செத்துப் போகும். ஆணும் சாகும். பெண்ணும் சாகும். ஆயுளில் ஒரே ஒரு பிரசவம்!

ஆகவே, கடலில் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால் ஆற்றுக்குத் திரும்ப மீன் இருக்காது. அடுத்த தலைமுறையும் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பல ஆறுகளில் பிறந்த மீன்கள் கடலில் ஒன்றாகக் கலந்து மேய்கின்றன. ஒரு ஆற்று மீன் ஏராளமாக இருக்கும். இன்னொரு ஆற்று மீன் அழியும் நிலையில் இருக்கும். தூண்டிலுக்கு வித்தியாசம் தெரியுமா? இரண்டையும் பிடிக்கும். அதனால், மெலிந்த ஆற்று மீனைக் காப்பாற்ற வேண்டுமானால், கொழுத்த ஆற்று மீனையும் விட்டுவிட வேண்டி வருகிறது.

2006-ம் ஆண்டில் இதுதான் நடந்தது. கிளாமத் என்ற ஆற்றில் மீன் குறைந்துவிட்டது. அந்த ஒரு ஆற்றுக்காக, சுமார் 700 மைல் நீளக் கடற்கரையில் மீன் பிடிக்கும் நாட்களை வெட்டிவிட்டார்கள். கண் எதிரே மீன் துள்ளுகிறது. பிடிக்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது!

14 ஓட்டு

சரி, இத்தனை நாள் பிடிக்கலாம், இத்தனை மீன் பிடிக்கலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

1976-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. கரையில் இருந்து 200 மைல் வரை உள்ள மீன் வளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால், விதிகளைத் தலைநகரில் உட்கார்ந்து எழுத வேண்டாம் என்று அதே சட்டம் சொன்னது. நாட்டின் கடற்கரையை எட்டாகப் பிரித்து, எட்டு கவுன்சில்களை அமைத்தது. மேற்குக் கரைக்கு உரியது பசிபிக் மீன்வள நிர்வாகக் கவுன்சில். அதன் ஆபீஸ் ஆரிகன் ராஜ்யத்தில் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறது.

இந்தக் கவுன்சிலில் ஓட்டுப் போடுகிறவர்கள் 14 பேர். வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா, ஐடகோ ஆகிய நான்கு ராஜ்யங்களின் மீன் இலாகாக்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. மத்திய சர்க்காரின் மீன் இலாகாவுக்கு ஒன்று. பழங்குடி மக்களுக்கு ஒன்று. மீதி எட்டு ஓட்டும் சர்க்கார் உத்தியோகத்தில் இல்லாதவர்களுக்கு! மீன் தொழில் தெரிந்தவர்களை கவர்னர்கள் சிபாரிசு செய்கிறார்கள். வர்த்தக மந்திரி நியமிக்கிறார்.

மீன் பிடிக்கிறவனே மீனுக்கு நீதிபதியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகத்தான், இந்தத் தொழிலில் தனக்கு என்ன வருமானம், என்ன சொத்து என்பதை அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் பார்க்கலாம்.

மார்ச் மாதம் வந்தால் பரபரப்பு

பிப்ரவரியில் கணக்கு வெளியாகிறது. கடந்த ஆண்டு எத்தனை மீன் ஆற்றுக்குத் திரும்பியது, இந்த ஆண்டு கடலில் எத்தனை இருக்கக்கூடும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். கடலுக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது? அதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். சில மீன்கள் அவசரக்குடுக்கைகள். இரண்டு வயதிலேயே ஆற்றுக்கு வந்துவிடும். அவற்றை எண்ணி, அவற்றின் கூடப் பிறந்தவை கடலில் எத்தனை இருக்கும் என்று மதிப்பு போடுகிறார்கள்.

மார்ச்சில் கவுன்சில் கூடுகிறது. ஒரே திட்டத்தைக் கொண்டு வந்து, "சம்மதமா?" என்று கேட்பதில்லை. மூன்று திட்டங்களைத் தயார் செய்கிறது. பிறகு அவற்றை ஊருக்குக் கொண்டு போகிறது. வாஷிங்டன் ராஜ்யத்தில் வெஸ்ட்போர்ட், ஆரிகனில் கூஸ் பே போன்ற துறைமுக ஊர்களில் கூட்டம் போடுவது வழக்கம். யார் வேண்டுமானாலும் பேசலாம். கடிதமும் எழுதலாம். கொரோனா காலத்துக்குப் பிறகு, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் மூலமும் பேச முடிகிறது.

யார் யார் வருகிறார்கள்? கடலில் தூண்டில் கயிறுகளை இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்து விற்கும் மீனவர்கள் வருகிறார்கள். (அந்தக் கடலில் சால்மனுக்கு வலை போடக் கூடாது. தூண்டில் மட்டும்தான்!) ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் வாடகைப் படகுக்காரர்கள், இரை விற்கும் கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், பழங்குடித் தலைவர்கள், ஆற்றைக் காக்க வேண்டும் என்கிறவர்கள், எல்லோரும் வருகிறார்கள்.

அங்கே ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம். வியாபார மீனவருக்கு ஆயிரம் மீன் கூடினால், பொழுதுபோக்குக்காரருக்கு ஆயிரம் குறையும். வடக்கே ஒரு வாரம் திறந்தால், தெற்கே ஒரு வாரம் மூடும். பேச்சில் சூடு இருக்காதா? இருக்கும்!

பேச்சினால் என்ன பயன்? மொத்தம் எத்தனை மீன் ஆற்றுக்குப் போக வேண்டும் என்பதை யார் பேச்சும் மாற்ற முடியாது. அது சட்டத்துக்கு உட்பட்ட கணக்கு. ஆனால், மீதி இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதில் மீனவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. எந்த முனையில் இருந்து எந்த முனை வரை? எந்த வாரம்? ஆளுக்கு எத்தனை மீன்? எத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீரில் விட வேண்டும்? எந்த மாதத்தில் காற்று அடிக்கும், எந்த மாதத்தில் படகு கிளம்பும் என்பது ஆபீசில் இருப்பவரைவிடக் கரையில் இருப்பவருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

ஏப்ரலில் கடைசிக் கூட்டம். மீனவர் ஆலோசனைக் குழு ஒரு திட்டம் கொடுக்கிறது. நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். "இந்த ஆற்றுக்கு மீன் போதாது" என்று பதில் வருகிறது. இங்கே இரண்டு நாளைக் குறைக்கிறார்கள். அங்கே ஒரு வாரத்தை நகர்த்துகிறார்கள். மறுபடியும் கணக்கு. நமக்குக் கல்யாண வீட்டுச் செலவுக் கணக்கு ஞாபகம் வரும்! முடிவு ஆனதும் ஓட்டு எடுக்கிறார்கள். மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட பிறகு, மே மாத நடுவில் புதிய விதிகள் அமலுக்கு வருகின்றன.

ஐம்பது தடவை கைது!

பழங்குடி மக்களுக்கு ஒரு ஓட்டு உண்டு என்று பார்த்தோம் அல்லவா? அந்த இடம் சும்மா வரவில்லை.

1854, 1855-ம் ஆண்டுகளில் அந்த மக்கள் தங்கள் நிலத்தை அமெரிக்க சர்க்காருக்கு விட்டுக் கொடுத்தார்கள். அதற்காக எழுதப்பட்ட ஒப்பந்தங்களில், வழக்கமான இடங்களில் மற்றவர்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுதி இருந்தது. ஆனால், நூறு ஆண்டுகள் கழித்து, அதே இடங்களில் மீன் பிடித்ததற்காக அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்!

வாஷிங்டன் ராஜ்யத்தில் நிஸ்குவாலி என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பிறந்தவர் பில்லி பிராங்க். 1945-ம் ஆண்டில், 14 வயதில், ஆற்றில் வலை போட்டதற்காக முதல் முறை கைதானார். அதோடு நிற்கவில்லை. ஐம்பது தடவைக்கு மேல் கைதானார்! வெளியே வருவார். மறுபடியும் வலை போடுவார். 1960-களில் அவரோடு பலரும் சேர்ந்துகொண்டார்கள்.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1974-ம் ஆண்டில் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு சொன்னார். "மற்றவர்களோடு சேர்ந்து" என்றால் என்ன அர்த்தம்? சரிபாதி என்று அர்த்தம் என்றார். பிடிக்கக்கூடிய மீனில் பாதி பழங்குடி மக்களுக்கு! நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பங்கு! ஊரே அதிர்ந்தது. 1979-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அன்று முதல், வடக்குப் பகுதியில் ராஜ்ய அதிகாரிகளும் பழங்குடித் தலைவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மீன் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. கைதியாக இருந்த பில்லி பிராங்க், பழங்குடி மக்களின் மீன்வளக் கமிஷனுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தார். 2014-ம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு, குடிமக்களுக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதை அவர் பெயருக்கு ஜனாதிபதி ஒபாமா வழங்கினார்.

தண்ணீர் யார் கையில்?

மறுபடியும் கலிபோர்னியாவுக்கு வருவோம்.

அங்கே சாக்ரமென்டோ ஆறுதான் சால்மனுக்குத் தாய்வீடு. 2002-ம் ஆண்டில் ஏழரை லட்சம் மீன்களுக்கு மேல் முட்டை இட வந்தன. 2007-ல் வந்தவை ஒரு லட்சம்கூட இல்லை. 2008, 2009 இரண்டு ஆண்டுகளும் அந்தக் கரையில் கடல் மீன்பிடிப்பை மூடினார்கள். மீனவர்களுக்கும் அவர்களை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் நிவாரணமாக 17 கோடி டாலரை மத்திய சர்க்கார் ஒதுக்கியது.

பிறகு மீன் கொஞ்சம் தேறியது. மறுபடியும் வறட்சி வந்தது. 2022-ம் ஆண்டில் சாக்ரமென்டோவுக்குக் குறைந்தது 1 லட்சத்து 22 ஆயிரம் மீன் திரும்ப வேண்டும் என்பது இலக்கு. திரும்பியது சுமார் 62 ஆயிரம்! பாதிதான்!

அதனால்தான் 2023 மார்ச்சில் மக்கள் முன் வைத்த மூன்று திட்டங்களிலும், கலிபோர்னியாவுக்கு ஒரே பதில்: மூடு! மீனவர்கள் எதை எதிர்த்து வாதாடுவது? இந்த ஆண்டு பிடித்தால், அடுத்து வரும் ஆண்டுகளில் பிடிக்க ஒன்றும் இராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஏப்ரலில் தடை வந்தது. 2024-லும் அதே தடை.

ஆனால், அவர்கள் வாயை மூடிக்கொண்டு போய்விடவில்லை. "நாங்கள் தூண்டிலைச் சுருட்டிவிட்டோம். ஆற்றில் தண்ணீரை விடப் போவது யார்?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. சாக்ரமென்டோ ஆற்றின் குறுக்கே ஷாஸ்டா அணை நிற்கிறது. கட்டி முடித்தது 1945-ல். 602 அடி உயரம். மீன்கள் அந்தக் காலத்தில் மலையில் ஏறி முட்டை இட்ட குளிர்ந்த ஓடைகள் அணைக்கு மேலே இருக்கின்றன. மீனால் அங்கே போக முடியாது. அணைக்குக் கீழே தண்ணீர் குறைந்து, சூடும் ஏறினால், முட்டை செத்துவிடும். அணைத் தண்ணீரை நம்பித் தோட்டங்களும் வயல்களும் நகரங்களும் இருக்கின்றன. விவசாயியும் வாழ வேண்டும் அல்லவா? அந்தத் தண்ணீரைத் திறக்கிறதும் மூடுகிறதும் வேறு இலாகா. மீன் கவுன்சிலுக்கு ஒரு குடம் தண்ணீரைக்கூடத் திறந்துவிட அதிகாரம் கிடையாது.

கடலில் மீன் பிடிப்பவனை மட்டும் கூப்பிட்டு, "உன் பங்கைக் குறைத்துக்கொள்" என்றால் அவன் மனம் என்ன பாடுபடும்? ஆண்டுதோறும் கூட்டத்துக்கு வந்து, மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தண்ணீரைப் பற்றிப் பேசி முடிக்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள். அணை அசைவதில்லை.

எல்லா அணையும் அப்படி என்று சொல்ல முடியாது. கிளாமத் ஆற்றில் 2002-ல் குறைந்தது 34 ஆயிரம் மீன் செத்து மிதந்தது. பழங்குடி மக்கள் விடாமல் போராடினார்கள். 2024-ம் ஆண்டில் அந்த ஆற்றின் நான்கு அணைகளை இடிக்கும் வேலை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அணைகள் இருந்த இடத்தைத் தாண்டிச் சால்மன் மேலே ஏறியது!

இரண்டு நாள் திருவிழா

2025-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் வியாபார மீன்பிடிப்பு மூன்றாவது ஆண்டாக மூடப்பட்டது. பொழுதுபோக்குக்காரர்களுக்கு மட்டும் சில நாட்கள் கிடைத்தன. கோடைக்கு மொத்தம் 7 ஆயிரம் மீன் என்று வரம்பு. ஜூன் 7, 8 தேதிகளில் கடல் திறந்தது. இரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? படகு படகாகக் கிளம்பினார்கள். அந்த இரண்டே நாளில் 9 ஆயிரத்துக்கும் மேல் பிடித்துவிட்டார்கள்! கோடையில் மிச்சம் இருந்த நாட்கள் ரத்தாகிவிட்டன.

அங்கே மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு. மீன் பண்ணைகளில் வளர்த்து விடும் குஞ்சுகள் பலவற்றின் மூக்கில், ஒரு மில்லி மீட்டர் நீளக் கம்பித் துணுக்கை வைத்து விடுகிறார்கள். அடையாளத்துக்கு முதுகில் உள்ள சிறு துடுப்பை வெட்டி விடுகிறார்கள். அந்தத் துடுப்பு இல்லாத மீன் கிடைத்தால், கணக்கெடுப்பவர் கேட்கும்போது தலையைக் கொடுக்க வேண்டும். உடலை வீட்டுக்குக் கொண்டு போகலாம். துணுக்கில் உள்ள எண்ணைப் பார்த்து, அது எந்தப் பண்ணை மீன், என்ன வயது என்று கண்டுபிடிக்கிறார்கள். பிப்ரவரியில் வரும் கணக்குக்கு அந்தத் தலைகளும் உதவுகின்றன.